பரீட்சைப் பதற்றத்துக்கு ஒரு வகுப்பு: காரைக்குடி ஆறு வாரப் பயிற்சி எப்படி?

கட்டணம் 3,600 ரூபாய். ஆறு ஞாயிற்றுக்கிழமை, காலை 6.30 முதல் 9.30 வரை. ஒரு அணிக்குப் பதினெட்டுப் பேர். இடம், காரைக்குடியில் பழைய நகரத்தார் வீடு ஒன்றின் வளவு, அதாவது நடு முற்றமும் அதைச் சுற்றிய பகுதியும். கோட்டையூர், பள்ளத்தூர், புதுவயல், தேவகோட்டை என்று சுற்றுப்பட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள். பாதிப்பேர் நீட் எழுதப் போகிறவர்கள், கால்வாசி டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறவர்கள். மிச்சப் பேர் சதுரங்கம், கபடி, மேடைக் கச்சேரி என்று கலவை. எல்லாருக்கும் குறை ஒன்றுதான்: வீட்டில் வருவது அரங்கில் வருவதில்லை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். இந்த வகுப்பின் மூன்றாம், நான்காம், ஐந்தாம் வாரங்கள் கொடுத்த காசுக்கு மேலேயே பெறும். முதல் வாரத்துப் பாடத்தை யாரும் வீட்டிலேயே பழகிக்கொள்ளலாம். ஆறாம் வாரத்தில் பெரிய தவறு ஒன்று இருக்கிறது. அதைப் பிள்ளைகளே வெளியில் ஈடுகட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

முதல் ஒரு மணி நேரம், பதற்றம் என்றால் என்ன என்ற விளக்கம். சரியாகவே சொல்கிறார்கள். உள்ளங்கை வியர்ப்பதும் நெஞ்சு அடித்துக்கொள்வதும் நோய் இல்லை. அட்ரினலின் சுரந்து உடம்பு வேலைக்குத் தயாராகிறது, அவ்வளவுதான். எவ்வளவு பதற்றம் தாங்கும் என்பது வேலையைப் பொறுத்தது. 1908-இல் ராபர்ட் யெர்க்ஸும் ஜான் டாட்சனும் சுண்டெலிகளை வைத்துச் சோதித்தார்கள். இரண்டு பெட்டிகளுக்கு இடையிலான வெளிச்ச வேறுபாடு எளிதாகத் தெரிந்தபோது, மின் அதிர்ச்சி கூடக்கூட எலிகள் விரைவாகக் கற்றன. வேறுபாடு நுட்பமானபோது, அதிர்ச்சி மிதமாக இருந்தால்தான் நன்றாகக் கற்றன. இந்தப் பக்கத்தில் இதற்குப் பொருத்தமான உதாரணம் வடமாடு மஞ்சுவிரட்டு. நீளக் கயிற்றில் கட்டிய மாடு, எதிரில் ஒன்பது பேர் கொண்ட குழு, குறித்த நேரத்துக்குள் அடக்க வேண்டும். களத்தில் நிற்கிற இளைஞனுக்கு நெஞ்சு நன்றாகவே அடிக்கலாம். அந்த அளவு துடிப்போடு இயற்பியல் கணக்கைப் போடப் போனால் இரண்டாம் வரியிலேயே குறி மாறிவிடும். ஆகவே பதற்றத்தை ஒழிப்பது பயிற்சியின் நோக்கம் இல்லை. வேலைக்கு ஏற்ற அளவில் அதை வைத்துக்கொள்வதுதான் நோக்கம். பயிற்சியாளர் இதை அழுத்திச் சொல்கிறார். பாராட்ட வேண்டிய தொடக்கம்.

அடுத்து மூச்சு. நான்கு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடுகிறார்கள். ஒரு சுற்றுக்குப் பத்து நொடி, நிமிடத்துக்கு ஆறு மூச்சு. சாதாரணமாகப் பெரியவர்கள் நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு விடுகிறோம். ஆறுக்கு இறங்கும்போது, இழுக்கையில் இதயத் துடிப்பு ஏறுவதும் விடுகையில் இறங்குவதுமான அலை பெரிதாகிறது. ரத்த அழுத்தத்தைச் சமப்படுத்தும் உடம்பின் ஏற்பாடும் அந்தத் தாளத்தோடு சேர்ந்துகொள்கிறது. விடும்போதுதான் மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு இதயத்தை நிதானப்படுத்துகிறது என்பதால் விடுவதை நீளமாக வைக்கிறார்கள். கைபேசியில் தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60-இல் வைத்துவிட்டால் எண்ணுவது எளிது. காலையில் பத்து நிமிடம், இரவில் பத்து நிமிடம், குறைந்தது மூன்று வாரம் பழக வேண்டும்.

பெரும்பாலோர் இதில் செய்யும் தவறு ஒன்று உண்டு. ‘ஆழ்ந்து மூச்சு விடு’ என்றதும் நெஞ்சு நிறைய இழுக்கிறார்கள். ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை சுற்றும், விரல் நுனி மரக்கும். ஏற்கெனவே பயந்திருக்கும் பிள்ளை இதையும் பயத்தின் அடையாளம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் பதறும். மூச்சு மெதுவாக இருந்தால் போதும், பெரிதாக இருக்கத் தேவையில்லை. இதற்கு வகுப்பில் செய்வது எளிமையான வேலை. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் மல்லாக்கப் படுக்கச் சொல்லி, வயிற்றில் ஒரு நோட்டுப் புத்தகத்தை வைக்கிறார்கள். நோட்டு ஏறி இறங்க வேண்டும், தோள் அசையக் கூடாது. இரண்டாம் நாள் உட்கார்ந்து, நான்காம் நாள் நின்று, பத்தாம் நாள் பேருந்து நிலையத்துக் கூட்டத்தில் நின்று செய்ய வேண்டும். கடைசிப் படியை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். அமைதியான அறையில் மட்டும் பழகிய மூச்சு தேர்வறையில் கை கொடுக்காது.

இரட்டை மூச்சு என்று இன்னொன்றும் சொல்லித் தருகிறார்கள். மூக்கால் ஒருமுறை இழுத்து, விடாமல் அதன் மேலேயே குட்டியாக இன்னொருமுறை இழுத்து, பிறகு வாயால் நீளமாக விடுவது. ஸ்டான்ஃபோர்டில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வில், தினம் ஐந்து நிமிடம் வீதம் ஒரு மாதம் இதைச் செய்தவர்களின் மனநிலை, தியானம் செய்தவர்களைவிட அதிகம் முன்னேறியிருந்தது. தேர்வறையில் இதற்கு ஐந்து நிமிடம் செலவழிக்க முடியாது. பக்கம் திருப்பும்போது ஒன்றோ இரண்டோ போதும்.

இரண்டாம் வாரம் பேச்சு. அதாவது பிள்ளை தனக்குள் பேசிக்கொள்வது. குரங்கை நினைக்காமல் மருந்து குடிக்கச் சொன்ன கதை நமக்குத் தெரியும். டேனியல் வெக்னர் 1987-இல் அதையே வெள்ளைக் கரடியை வைத்து நிரூபித்தார். நினைக்காதே என்று சொல்லப்பட்டவர்களுக்குக் கரடி திரும்பத் திரும்ப வந்தது. ‘தப்பு விடாதே’, ‘பதறாதே’, ‘போன தடவை மாதிரி பண்ணிடாதே’ எல்லாமே குரங்குதான். செய்யக் கூடாததைச் சொல்லாமல், அடுத்த பத்து நொடியில் செய்ய வேண்டியதைச் சொல்ல வேண்டும். வகுப்பில் ஒவ்வொருவரும் மூன்று சொற்றொடர் எழுதி, சத்தமாகப் படித்து, திருத்தி வாங்க வேண்டும். ‘கடைசி வரியைப் படி.’ ‘அலகைப் பார்.’ ‘எதிராளி ஏன் இந்தக் காயை நகர்த்தினான்?’ இவை தேறியவை. ‘நான் ஜெயிப்பேன்’ தேறவில்லை, ஏனென்றால் அதைக் கேட்டுக் கை எந்த வேலையையும் செய்யப் போவதில்லை.

தன்னைத் தன் பெயர் சொல்லி அழைத்துப் பேசச் சொல்கிறார்கள். ஈதன் கிராஸ் குழுவினர் 2014-இல் வெளியிட்ட ஆய்வுகளில், ‘நான்’ என்று பேசிக்கொண்டவர்களைவிடத் தன் பெயரைச் சொல்லிப் பேசிக்கொண்டவர்கள் அழுத்தமான நேரத்தை நன்றாகச் சமாளித்தார்கள். அதே ஆண்டு அலிசன் உட் புரூக்ஸ் வெளியிட்ட ஆய்வில், பாடுவதற்கும் பேசுவதற்கும் கணக்குப் போடுவதற்கும் முன்னால் ‘நான் அமைதியாக இருக்கிறேன்’ என்று சொன்னவர்களைவிட ‘உற்சாகமாக இருக்கிறேன்’ என்று சொன்னவர்கள் நன்றாகச் செய்தார்கள். நெஞ்சு அடித்துக்கொண்டிருக்கும்போது அமைதி என்று சொன்னால் உடம்பே நம்பாது. உற்சாகத்திலும் நெஞ்சு அடிக்கும் என்பதால் அந்தச் சொல் பொருந்துகிறது.

இந்த வாரத்தின் இரண்டாம் பாதியில் இவர்கள் செய்யும் ஒரு வேலை பல மனப் பயிற்சி வகுப்புகளில் நடப்பதில்லை. அணியை இரண்டாகப் பிரிக்கிறார்கள்: மூளையால் போடுகிறவர்கள் ஒரு பக்கம், கைகாலால் செய்கிறவர்கள் ஒரு பக்கம். இருவருக்கும் வரும் சறுக்கல் ஒன்றல்ல. கணக்குப் போடுகிற பிள்ளைக்கு, ‘என்ன ஆகுமோ’ என்ற கவலையே மனத்தின் மேசையை அடைத்துக்கொள்கிறது. மூன்று எண்களைப் பிடித்து வைத்திருக்க வேண்டிய இடத்தில் இரண்டுக்குத்தான் இடம் இருக்கிறது. நாயனம் வாசிக்கிறவருக்கும் ரெய்டு போகிற கபடி வீரருக்கும் நடப்பது இதற்கு நேர்மாறு. வருஷக்கணக்கில் பழகித் தானாக நடக்கும் வேலையை, பதற்றத்தில் விரல் விரலாக, அடி அடியாகக் கவனிக்கத் தொடங்குகிறார்கள், ஓட்டம் அறுந்துபோகிறது. ரிச்சர்ட் மாஸ்டர்ஸ் 1992-இல் கோல்ஃப் ஆட்டத்தை வைத்து இதைக் காட்டினார். விதிகளைச் சொற்களாக மனத்தில் ஏற்றிக்கொண்டு கற்றவர்கள்தான் அழுத்தத்தில் தடுமாறினார்கள்.

ஆகவே மருந்தும் வேறு. தேர்வு எழுதுகிறவர் வேலையைத் தாளில் இறக்க வேண்டும். இடைநிலை விடைகளை மனத்தில் வைக்காமல் ஓரத்தில் எழுத வேண்டும், கேட்டதைக் கோடிட வேண்டும். கலைஞரும் வீரரும் கவனத்தை உடம்பை விட்டு வெளியே அனுப்ப வேண்டும். ரெய்டுக்கு முப்பது நொடிதான். போனஸ் கோட்டைப் பார்ப்பதா, மூலையில் நிற்பவனின் பாதத்தைப் பார்ப்பதா என்று ஒரே ஒரு இலக்கை உள்ளே போகுமுன் தேர்ந்துகொள்ள வேண்டும். சொந்தக் கால் எங்கே விழுகிறது என்று பார்க்கக் கூடாது. இரண்டு கூட்டத்துக்கும் ஒரே பாடம் நடத்துகிற வகுப்பில், ஒரு கூட்டத்துக்குத் தவறான மருந்து போகிறது.

இங்கே ஓர் இடைச்சொல். பழகாத பாடத்தை எந்த மனப் பயிற்சியும் காப்பாற்றாது. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் பெட்டியடிப் பையனாக, அதாவது கடையில் வேலை பழகும் பையனாக, போன அந்தக் காலத்துப் பிள்ளைகள், முந்திரி, மாகாணி என்று பின்னக் கணக்கை வாய் தானாகச் சொல்லும் அளவுக்கு உருப்போட்டவர்கள். மேலாள் எதிரில் நின்றாலும் கணக்கு நிற்காது. வாய்பாட்டையும் சூத்திரத்தையும் அந்த அளவுக்கு ஏற்றிக்கொண்டால்தான் மேசையில் இடம் மிஞ்சும். வகுப்பில் இதை இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள். அரை மணியாவது ஒதுக்கியிருக்க வேண்டும்.

மூன்றாம் வாரத்திலிருந்துதான் வகுப்பு உண்மையில் தொடங்குகிறது. அழுத்தத்தைச் சிறு அளவுகளில் ஏற்றிப் பழக்குகிறார்கள். டொனால்ட் மைக்கன்பாம் 1970-களில் வகுத்த முறை இது. நோயின் சிறு கூற்றை ஊசியில் ஏற்றி உடம்பைத் தயார்செய்வது போல, பதற்றத்தின் சிறு அளவை ஏற்றி மனத்தைத் தயார்செய்வது. வகுப்பில் ஐந்து படி வைத்திருக்கிறார்கள்.

முதல் படி நேரம். நீட்டில் 180 நிமிடத்துக்கு 180 கேள்வி, கேள்விக்கு ஒரு நிமிடம். ஆகவே 45 கேள்விக்கு 45 நிமிடம் கொடுத்து ஒரு அடிப்படை மதிப்பெண் எடுக்கிறார்கள். பிறகு அதே கனமுள்ள வேறு 45 கேள்விக்கு 40 நிமிடம். டிஎன்பிஎஸ்சிக்காரர்களுக்கு 200 கேள்வி, மூன்று மணி நேரம் என்பதால் கேள்விக்கு 54 நொடி. அதற்கேற்ப அளவு மாறுகிறது. இரண்டாம் படி சத்தம். வளவின் நடுவில் வானம் திறந்திருப்பதால் ஒலி நான்கு சுவரிலும் மோதித் திரும்புகிறது. அங்கே கல்யாண வீட்டு மைக் செட் பாட்டையும் கோயில் திருவிழா அறிவிப்பையும் பதிவிலிருந்து போடுகிறார்கள். மூன்றாம் படி கண்கள். முதுகுக்குப் பின்னால் ஒருவர் வந்து நின்று தாளைப் பார்ப்பார், பத்து நிமிடம் நகர மாட்டார். நான்காம் படி பணயம். மூவர் மூவராகச் சேர்த்து, மூவரில் யார் மதிப்பெண் எடுக்கப்படும் என்பதைத் தேர்வு முடிந்தபின் சீட்டுக் குலுக்கி எடுத்து, எல்லார் முன்னாலும் படிக்கிறார்கள். ஐந்தாம் படி தடங்கல். கால் மணி தாமதமாகத் தொடக்கம், ஆடுகிற மேசை, பாதியில் எழுதாமல் போகும் பேனா.

ஒரே நாளில் எல்லாவற்றையும் கொட்டுவதில்லை என்பதுதான் இதன் உயிர். அடிப்படை மதிப்பெண்ணில் 85 சதவீதத்தை ஒரு படியில் இரண்டு முறை எட்டினால்தான் அடுத்த படி. வழக்கமாக 45-இல் 36 சரி என்றால், 31 வர வேண்டும். 25-க்குக் கீழே இறங்கினால் முந்தைய படிக்குத் திரும்ப வேண்டும். இப்படி அளந்து ஏற்றாத இடங்களில் என்ன நடக்கிறது என்பது பல பயிற்சி மையங்களில் தெரியும். முதல் மாதிரித் தேர்விலேயே மிகக் கடினமான தாள், மதிப்பெண் வரிசை சுவரில், அப்பா அம்மாவுக்குக் குறுஞ்செய்தி. அந்தப் பிள்ளை பதற்றத்தைச் சமாளிக்கக் கற்பதில்லை. தேர்வறை என்றால் அவமானம் என்பதைத்தான் கற்கிறது.

ஒவ்வொரு படிக்குப் பிறகும் நடக்கும் விசாரணையும் நன்றாக இருக்கிறது. ‘ஏன் குறைஞ்சது?’ என்று பயிற்சியாளர் கேட்பதில்லை.

“எந்தக் கேள்வியில கை நின்னுச்சு, தம்பி?”

“பதினேழுல அண்ணே. பக்கத்துல இருக்கவன் அடுத்த பக்கம் திருப்புனான்.”

“திருப்புனதும் நீ என்ன பண்ணே?”

“நானும் பதினேழை விட்டுட்டு வேகமாப் போனேன். அப்புறம் பதினெட்டோட விடையைப் பதினேழுல நிரப்பிட்டேன்.”

இதை நோட்டில் மூன்று வரியாக எழுதுகிறார்கள்: கவனம் எங்கே போனது, அப்போது என்ன செய்தேன், அடுத்த முறை என்ன செய்வேன். மூன்றாவது வரி ‘இப்படி ஆனால், இதைச் செய்வேன்’ என்ற வடிவில் இருக்க வேண்டும். பீட்டர் கோல்விட்ஸர் பல ஆண்டுகள் ஆராய்ந்த முறை இது. ‘கவனமாக இருப்பேன்’ என்ற தீர்மானத்தைவிட, இந்த வடிவில் எழுதியது வேண்டிய நேரத்தில் தானாக நினைவுக்கு வருகிறது. ‘பக்கத்தில் இருப்பவர் தாளைத் திருப்பினால், என் கேள்வி எண்ணை விரலால் தொடுவேன்.’ ‘ஒரு கேள்வியில் ஒன்றரை நிமிடம் தாண்டினால், வட்டமிட்டு விட்டு அடுத்ததற்குப் போவேன்.’ ‘முதல் மூன்று கேள்வியும் தெரியவில்லையென்றால், ஒரு இரட்டை மூச்சு விட்டு எனக்கு நன்றாக வரும் பாடப் பகுதிக்குப் போவேன்.’ விடைத்தாளில் நிரப்பும் ஓஎம்ஆர் வட்டம் ஒன்று தள்ளிப்போவது பதற்றத்தின் நேரடி விளைவு. அதற்குப் பத்துக் கேள்விக்கு ஒருமுறை வினாத்தாள் எண்ணையும் விடைத்தாள் எண்ணையும் இரு கை விரலால் தொட்டுப் பார்ப்பதை எல்லாருக்கும் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். நீட்டில் தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் போகும். டிஎன்பிஎஸ்சியில் விடை தெரியவில்லை என்பதற்கே ஐந்தாவது வட்டம் இருக்கிறது, எதையும் நிரப்பாமல் விடக் கூடாது. ஆகவே தெரியாத கேள்விக்கான திட்டம் இருவருக்கும் வேறு வேறாக எழுதப்பட வேண்டும். வகுப்பில் அதைப் பிரித்தே எழுதவைக்கிறார்கள்.

இனி குறைகள்.

ஐந்தாம் வாரக் கடைசியில் மனக்காட்சிப் பயிற்சி. கண்ணை மூடிப் படுத்து, புல்லாங்குழல் இசை கேட்டபடி, வெற்றி பெற்றுவிட்டதாக நினைக்கச் சொல்கிறார்கள். பலர் தூங்கிவிடுகிறார்கள். பால் ஹோம்ஸும் டேவிட் காலின்ஸும் 2001-இல் வகுத்த முறையின்படி, மனக்காட்சி உண்மை நிகழ்வை எவ்வளவு ஒத்திருக்கிறதோ அவ்வளவு பயன் தரும். தேர்வு எழுதுகிறவர் மேசைமுன் உட்கார்ந்து, பேனாவைக் கையில் பிடித்து, வாசலில் சோதனை செய்வதிலிருந்து முதல் கேள்வியைப் படிப்பது வரை உண்மையான வேகத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். நெஞ்சு அடிப்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும், அடித்தபின் மூச்சு சீராவதையும் நினைக்க வேண்டும். கையில் தங்கப் பதக்கம் இருப்பதாக நினைப்பதால் எந்தத் திறமையும் கூடாது. இந்த அரை மணியை இவர்கள் மாற்ற வேண்டும்.

சுவரில் ஒரு படம் தொங்குகிறது: மனிதர்கள் மூளையில் பத்து சதவீதத்தைத்தான் பயன்படுத்துகிறார்களாம். இது பொய். இவ்வளவு சரியாகப் பாடம் நடத்துகிற இடத்தில் அது தொங்கக் கூடாது. வாசலில் ஒரு மேசையில் நினைவாற்றல் லேகியம் விற்கிறார்கள். வாங்கச் சொல்லி யாரும் வற்புறுத்துவதில்லை. பயிற்சிக்கும் அதற்கும் தொடர்பில்லை.

பெரிய குறை ஆறாம் வாரத்தில். முழு நீள மாதிரித் தேர்வு வைக்கிறார்கள். வேறு கட்டடத்துக்கு அழைத்துப் போவது சரி, பழகாத அறையில்தான் சோதிக்க வேண்டும். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்குக்கு முன்னால் துப்பாக்கி சுடும் வீரர் அபினவ் பிந்த்ரா ஒரு கல்யாண மண்டபத்தை எடுத்து, பெய்ஜிங் அரங்கைப் போல விளக்கு அமைத்துச் சுட்டுப் பழகினார். அந்த அளவுக்கு விவரம் ஒத்துப்போக வேண்டும் என்பதுதான் இந்தத் துறையின் அடிப்படை. இங்கே இடம் மாறுகிறது, நேரம் மாறவில்லை. மாதிரித் தேர்வும் காலை 6.30-க்கே தொடங்குகிறது. நீட் நடப்பது மே மாதம், பகல் 2 மணிக்கு. வாசல் 1.30-க்கு மூடப்படும். சிவகங்கை மாவட்டத்து மே மாதப் பிற்பகலைப் பற்றி இங்குள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உடம்பு இயல்பாகவே மந்தமாகும் நேரமும் அதுதான். விடிகாலைக் குளிர்ச்சியில் ஆத்தங்குடித் தரையில் பழகிய மூச்சும் வேகமும் அந்த வெக்கையில் அப்படியே வராது.

ஆகவே நீட் பிள்ளைகள் தேர்வுக்கு முந்தைய கடைசி மூன்று ஞாயிறும் வீட்டிலோ பள்ளியிலோ பகல் 2 மணி முதல் 5 மணி வரை முழுத் தாள் எழுத வேண்டும். அன்று போடப்போகும் அரைக்கை உடுப்பும் செருப்பும் போட்டுக்கொள்ள வேண்டும். மின்விசிறி ஒரு நாள் இருக்கட்டும், ஒரு நாள் வேண்டாம். கைக்கடிகாரத்துக்கு அங்கே அனுமதி இல்லை. சுவர்க் கடிகாரம் முதுகுப்பக்கம் இருக்கலாம். நேரத்தைப் பார்க்காமல், ‘இத்தனையாவது பக்கத்தில் ஒரு மணி நேரம் ஆகியிருக்கும்’ என்று கணிக்கப் பழக வேண்டும். சாப்பாட்டை 11.30-க்குள் முடித்து, இட்லியோ இடியாப்பமோ தயிர்ச்சோறோ பாதி வயிற்றுக்கு. குழம்பும் வறுவலும் மறுநாளைக்கு. காபி வழக்கமாகக் குடிப்பவர் வழக்கமான நேரத்தில் ஒரு தம்ளரோடு நிறுத்திக்கொள்ளலாம். குடித்த காபியின் காஃபீனில் பாதி, ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும். முதல் நாள் சாயங்காலம் கண்விழிக்கக் குடிப்பது தூக்கத்தைத் தின்றுவிடும்.

ஆறாம் வாரத்திலும் நல்லது ஒன்று உண்டு. தேர்வுக்கு முன் திண்ணையில் உட்காரவைத்துப் பத்து நிமிடம், அந்தத் தேர்வைப் பற்றிய பயத்தையெல்லாம் தாளில் எழுதச் சொல்கிறார்கள். யாரும் அதைப் படிப்பதில்லை. ஜெரார்டோ ராமிரெஸும் சியான் பைலாக்கும் 2011-இல் வெளியிட்ட ஆய்வின் முறை இது. அதிகம் பதறும் மாணவர்களுக்கே இது அதிகம் உதவியது. கவலையைத் தாளில் இறக்கினால் மேசை காலியாகிறது. உண்மைத் தேர்வன்று வாசல் கூட்டத்தில் எழுத முடியாது. வீட்டை விட்டுக் கிளம்புமுன் எழுதிவிட வேண்டும். பிள்ளையார்பட்டியில் பேனாவை வைத்துக் கும்பிட்டுப் போகிற வழக்கம் உள்ள வீடுகளில், அந்தக் கும்பிடும் வரிசையில் ஓர் அங்கமாகவே இருக்கட்டும். ஒவ்வொரு முறையும் மாறாத ஒழுங்குதான் மனத்துக்குப் பிடிமானம்.

பெற்றோர்களுக்கு ஒரே ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். போதவே போதாது.

“நாங்க திட்டலையே தம்பி, நல்லா எழுதுன்னு மட்டுந்தானே சொல்றோம்?” என்று ஓர் ஆச்சி கேட்டதற்குப் பயிற்சியாளர் சொன்ன பதில் சரியானது: “நல்லா எழுதுன்னா எப்படின்னு பிள்ளைக்குத் தெரியாது ஆச்சி. ஹால் டிக்கெட் எடுத்தாச்சா, தண்ணி பாட்டில் எடுத்தாச்சான்னு கேளுங்க. அதுக்குப் பதில் சொல்ல முடியும்.”

சொந்தபந்தம் தொலைபேசியில் ‘எத்தனை மார்க் வரும்?’ என்று கேட்பதைக் கடைசி இரண்டு வாரம் வீட்டுப் பெரியவர்கள் தங்கள் கைபேசியிலேயே வாங்கி நிறுத்திக்கொள்ள வேண்டும். இவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளைக்கு மனப் பயிற்சி எதற்கு என்று கேட்கும் அப்பச்சிமார்களுக்கு ஒரு தகவல். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில், பதினான்காவது ஆட்டத்தில் டிங் லிரனை வென்று 18 வயதில் உலகச் சதுரங்க வாகையரான குகேஷ், அந்தப் போட்டிக்கு மனப் பயிற்சியாளர் பேடி அப்டனோடு சேர்ந்துதான் தயாரானார்.

சேர்க்கைப் படிவத்தில் ஒரு கேள்வி இல்லை, கட்டாயம் இருக்க வேண்டும்: தூக்கமும் சாப்பாடும் இரண்டு வாரத்துக்கு மேலாகக் கெட்டிருக்கிறதா, திடீரென்று மூச்சு முட்டி உயிர் போய்விடும் போன்ற பயம் வருகிறதா, வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வருகிறதா? இவற்றில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் அந்தப் பிள்ளைக்கு முதலில் தேவை மனநல மருத்துவர். சத்தமும் பணயமும் ஏற்றும் இந்தப் படிகள் அந்த நிலையில் கெடுதல் செய்யும். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். தமிழ்நாட்டின் 104 எண்ணும் இருக்கிறது. பயிற்சியாளர் கேட்காவிட்டாலும் பெற்றோர் இதைக் கேட்டுப் பார்த்தபின் சேர்ப்பது நல்லது.

3,600 ரூபாய் கொடுக்க முடியாதவர்கள் நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்தால் படிப் பயிற்சியை வீட்டிலேயே நடத்தலாம். பழைய வினாத்தாள்களும், நகலெடுத்த ஓஎம்ஆர் தாள்களும், ஒரு ஒலிபெருக்கியும், முதுகுக்குப் பின்னால் நிற்க ஒரு அண்ணனும் போதும். 85 சதவீதக் கணக்கை மட்டும் விட்டுவிடக் கூடாது. பரிதாபப்பட்டு முன்னதாக ஏற்றிவிடுவதும், கோபப்பட்டு இரண்டு படி ஒன்றாக ஏற்றுவதும்தான் வீட்டில் நடக்கும் தவறு. வெளியாள் நடத்தும்போது அது நடப்பதில்லை. கட்டணத்துக்கு உண்மையில் கிடைப்பது அந்தக் கண்டிப்புதான்.

எந்த அணியில் சேர்வது என்பதையும் யோசிக்க வேண்டும். நீட் மே முதல் ஞாயிறை ஒட்டி வரும். ஆகவே மார்ச்சில் தொடங்கி ஏப்ரலில் முடியும் அணிதான் பொருத்தம் என்று தோன்றும். ஆனால் மார்ச்சில் பிளஸ் டூ பொதுத்தேர்வு இருக்கிறது. அந்த மாதம் ஞாயிறு காலை மூன்று மணி நேரம் போனால் வீட்டிலும் பள்ளியிலும் இழுபறிதான். பொங்கல் கழிந்து தொடங்கி பிப்ரவரிக் கடைசியில் முடியும் அணியில் சேருங்கள். பொதுத்தேர்வின் ஒவ்வொரு தாளுக்கும் அதே மூச்சு, அதே மூன்று சொற்றொடர், அதே மூன்று வரி நோட்டு. ஏப்ரலில் பகல் 2 மணி மாதிரித் தேர்வுகள். டிஎன்பிஎஸ்சிக்காரர்களுக்குத் தேர்வு பெரும்பாலும் காலையில் என்பதால் இந்தச் சிக்கல் இல்லை. தேர்வுக்குப் பத்து நாள் முன்னதாக முடியும் எந்த அணியும் சரி.